ஆறாம் நம்பர் வீட்டுக்கு வந்த நாவல்

போன மாதம் பல்வலி என்று பிரிக்பீல்ட்ஸுக்குப் போனேன். டாக்டர் வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள். சும்மா உட்கார எனக்கு எப்போதும் வராது. கீழே ஒரு புத்தகக் கடை இருந்தது, இறங்கி அங்கே போனேன். வாசலிலேயே ஒரு மேசை போட்டுப் புதுசாக வந்தவற்றை அடுக்கியிருந்தார்கள். எல்லாம் நம் பக்கத்துப் புத்தகங்கள். கிள்ளான் துறைமுகத்தில் நடக்கும் ஒரு நாவல், தோட்டத்தில் பிறந்த ஒரு டாக்டரம்மா தன் வாழ்க்கையை எழுதியது, பழைய ரயில்வே குவாட்டர்ஸைப் பற்றி ஒரு இளம்பெண் படங்களோடு எழுதியது.

நம் வயதுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று தெரியும். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கதை என்றால் அது மதராஸில்தான் நடக்கும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு ஜமீனில். நம் வீட்டுக் குழாயடியைக் கதையில் கொண்டுவரலாம் என்று யாருக்குத் தோன்றியது?

குவாட்டர்ஸ் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். கடையில் இருந்த பெண் சிரித்தாள்.

"அது நல்லா போகுது லா, ஆன்டி. நீங்க இந்தப் பக்கத்து ஆளா?"

"நான் அந்தப் படத்துக்குள்ள குடியிருந்த ஆளும்மா."

பல்லை மறந்து புத்தகத்தோடு ஷா ஆலம் வீட்டுக்கே திரும்பிவிட்டேன். வாடகைக் காரிலேயே படிக்க ஆரம்பித்தேன். முப்பது பக்கம் தாண்டியதும் ஒரு செய்தி. குவாட்டர்ஸ் மக்களுக்கு வாசிப்பில் அப்படி ஒரு ஆர்வமாம், ஒரு புத்தகம் வாங்கினால் லைன் முழுக்கச் சுற்றி வருமாம், அத்தனை பேரும் படித்து ரசிப்பார்களாம். நான் சிரித்த சிரிப்பில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். எழுதிய பிள்ளை மேல் தப்பில்லை, அவளிடம் சொன்னவர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகம் சுற்றியது நிஜம். படித்தது யார் என்பதில்தான் எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. வருஷக் கடைசி விடுமுறை, மழைக்காலம். எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகள். நாங்கள் ஆறாம் நம்பர். பின்னால் தண்டவாளம், முன்னால் பொதுக் குழாய். ஈரத் துணி காயாமல் ஒரு நாற்றம், டீசல் புகை ஒரு நாற்றம், யாரோ ஒருவர் வீட்டில் கருவாடு பொரிகிற நாற்றம், எல்லாம் கலந்து வீட்டுக்குள் நிற்கும். ரயில் பெட்டிகளைக் கோக்கும்போது வருமே அந்த 'டங்' சத்தம், அது கேட்டால் பீங்கான் அலமாரி ஆடும். அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டோம்.

அந்த விடுமுறையில்தான் எங்கள் லைனில் முன்பு குடியிருந்த ஒருவர் நாவல் எழுதி வெளியிட்டார். அவர் அப்போது கிள்ளான் துறைமுகத்தில் குமாஸ்தா. வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மேடையேறி ஒரு புத்தகம் வாங்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள், இறங்க வேண்டும். நாவலை ஆய்வு செய்ய வந்த பெரியவர் அட்டையின் நிறத்தைப் பற்றிக் கால் மணி நேரமும், எழுத்தாளருடைய தகப்பனாரின் நல்ல குணத்தைப் பற்றி அரை மணி நேரமும் பேசினார். கதையைப் பற்றிக் கேட்டால், அதை நீங்களே படித்து இன்புற வேண்டும் என்று முடித்துவிட்டார். இப்போது யோசித்தால் அவரும் படிக்கவில்லை என்று தெரிகிறது. அன்றைக்கு எல்லோரையும் போல நானும் கை தட்டினேன்.

எங்கள் லைன் சார்பாக அப்பா மேடையேறி வாங்கினார். ரோஸ் நிறக் கண்ணாடித்தாள் சுற்றிய புத்தகம். அந்தத் தாளை நான் எடுத்து ரொம்ப நாள் வைத்திருந்தேன், கண்ணில் வைத்துப் பார்த்தால் குவாட்டர்ஸ் முழுக்க ரோஸாகத் தெரியும். புத்தகத்துக்குக் காலண்டர் தாளில் உறை போட்டு ஒன்றாம் நம்பர் வீட்டில் ஆரம்பித்து வைத்தார்கள். வீட்டுக்கு இரண்டு நாள். வரிசைப்படிதான் போகும்.

இதற்கு முன் சுற்றிய புத்தகங்கள் எல்லாம் மதராஸிலிருந்து கப்பலில் வந்தவை. இதுதான் முதன்முதலில் நம் ஊர்க் கதை. அதுவும் நம்மோடு குடியிருந்த ஆள் எழுதியது. கேட்க வேண்டுமா? குழாயடியில் ஒரே கேள்விதான். "அதுல வர்றது யாரு?" ஒன்றாம் நம்பர் வீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதி வைக்க, அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். குடித்துவிட்டுப் பாடுகிற கிழவரா, 'இது 4-ம் நம்பர்.' உப்புக் கடன் வாங்கித் திருப்பித் தராத பெண்ணா, 'இது 9.' புத்தகம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அச்சு எழுத்தைவிடப் பென்சில் எழுத்துதான் என்னை இழுத்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் பேச்சுக்கு லைனில் மரியாதை அதிகம். நாட்டு நடப்பு எல்லாம் தெரியும். எந்த மந்திரி என்ன பேசினார் என்று சொல்வார். வீட்டுக்குப் புத்தகம் வந்தால் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பாயை விரிப்பார். ஒரு முறத்தில் நெத்திலியைக் கொட்டிக்கொண்டு தலை கிள்ள உட்காருவார். புத்தகத்தை என்னிடம் தருவார்.

"லீவுல நாக்கு மழுங்கிப் போயிடும். படி. மெதுவா, நிறுத்தி நிறுத்திப் படி."

நான் படிப்பேன். எங்காவது வேகமாக ஓடிவிட்டால், "அந்த எடத்த மறுபடி படி" என்பார். என் தமிழைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் விறைப்பாகப் படிப்பேன். பென்சில் எழுத்து வரும் இடங்களில் மட்டும் வாயை மூடிக்கொண்டு கண்ணால் மேய்ந்துவிடுவேன். பெரியவர்கள் கிறுக்கியதைச் சத்தமாகப் படித்தால் அடி விழும் என்று ஒரு பயம்.

"ஏண்டி சிரிக்கிற?"

"சும்மாம்மா."

நாலாவது அத்தியாயத்தில் ஒரு பெண் வந்தாள். கல்யாணம் ஆகாதவள். சனிக்கிழமைதோறும் நல்ல சேலை கட்டி, கையில் டிபன் கேரியரோடு கிள்ளான் ரயில் ஏறுகிறாள். வீட்டாரிடம் வேலைக்குப் போவதாகப் பொய் சொல்கிறாள். அந்தப் பக்கத்து ஓரத்தில், 'இது நம்ம 7-ம் நம்பர் நர்ஸ்தான். ஆள் இருக்கு' என்று எழுதியிருந்தது. கீழே இன்னொரு கையெழுத்து, 'ஆமாம்.' அதற்கும் கீழே ஊதா நிறத்தில், 'நானும் பார்த்தேன்.'

ஏழாம் நம்பர் எங்களுக்கு அடுத்த வீடு. நர்ஸக்கா தன் அண்ணன், அண்ணியோடு அங்கே இருந்தார். பெரியாஸ்பத்திரியில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் டிபன் கேரியரோடு கிள்ளானுக்குப் போவார், அதுவும் நிஜம். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர்தான் முதலில் ஓடி வருவார். அவர் கையில் டெட்டால் வாசனை அடிக்கும், எனக்குப் பிடிக்கும்.

அந்த மாதம்தான் நர்ஸக்காவுக்குக் கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வாத்தியார். ஜாதகம் பார்த்து, பெண் பார்த்து, இரண்டு பக்கமும் பிடித்துப்போய்விட்டது. நர்ஸக்காவுக்கும் பிடித்திருந்தது. அவர் குழாயடியில் தானாகச் சிரித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். மிச்சம் இருந்தது விசாரிப்பு ஒன்றுதான். தட்டு மாற்றுவதற்கு முன் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் வந்து, பக்கத்து வீட்டில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். பக்கத்து வீடு என்றால் நாங்கள். அம்மா இதற்காகவே பாசார் சந்தையிலிருந்து டின் பிஸ்கட் வாங்கி அலமாரிக்கு மேல் வைத்திருந்தார். நான் கேட்டதற்கு, "நர்ஸக்காவுக்கு நல்லது நடக்கட்டும், அப்புறம் மிச்சத்த நீ தின்னு" என்றார்.

புத்தகம் வந்த இரண்டாம் நாள் மாப்பிள்ளையின் அக்கா வந்தார். மழை. குடையை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா நர்ஸக்காவின் புகழைப் பாட ஆரம்பித்துவிட்டார். பொறுமை, சுத்தம், அண்ணிக்கு எதிர்த்து ஒரு வார்த்தை பேசியது கிடையாது, இப்படி. அந்தம்மாவும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கண் புத்தகத்தின் மேல் போனது.

"இதானே எல்லாரும் சொல்ற புத்தகம்? இப்ப இங்கதான் இருக்குன்னாங்க."

"ஆமா, நேத்துதான் வந்துச்சு. நல்ல கதை."

"நீங்க படிச்சிட்டீங்களாக்கா?"

"பாதிக்கு மேல ஆச்சு" என்றார் அம்மா.

அந்தம்மா புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், நேரே நாலாவது அத்தியாயத்துக்குப் போனார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பத்து வயதுப் பிள்ளை முன்னால் வாய்விட்டுக் கேட்கிற கேள்வி இல்லையே அது. புத்தகத்தை விரித்தபடியே அம்மா மடியில் வைத்து, பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது சரிதானாக்கா? பாத்துச் சொல்லுங்க."

அம்மா புத்தகத்தைக் கையில் எடுத்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, சாவகாசமாகப் பார்த்தார்.

"ஆமா. ஏழுதான். சரியாத்தான் போட்டிருக்கு" என்றார்.

"நிச்சயமா?"

"இதுல என்ன சந்தேகம்? லைனுக்கே தெரியுமே."

அந்தம்மா புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார். கோப்பியை ஒரு வாய்தான் குடித்திருந்தார். இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். அம்மா வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, "நல்லபடியா சொல்லி அனுப்பியாச்சு" என்று கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அம்மா படித்துவிட்டுத்தானே சொன்னார், அப்படியானால் அது உண்மை. நர்ஸக்காதான் அந்தக் கதையில் வருகிறவர். எனக்குக் கவலையே வரவில்லை, ஆசைதான் வந்தது. கதையில் வரும் ஒருவர் நம் பக்கத்து வீட்டில் இருக்கிறாரே! அவர் கிள்ளானுக்குப் போய் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். வந்தால், பக்கங்கள் பிரியவில்லை. அச்சகத்தில் சரியாக வெட்டாமல் விட்டிருந்தார்கள். மேல் ஓரத்தில் மடிப்பு மடிப்பாகவே எட்டுப் பக்கம் ஒட்டிக்கிடந்தது. அந்தக் காலத்துப் புத்தகங்களில் இப்படி இருக்கும், நீங்களும் வெட்டியிருப்பீர்கள். அம்மா சமையல் கத்தியைத் துடைத்துக் கொடுத்தார். துடைத்தும் கருவாட்டு நாற்றம் போகவில்லை. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு மடிப்பாக அறுத்தேன். எங்களுக்கு முன் ஐந்து வீடு படித்திருக்கிறதே, அவர்கள் இதை எப்படிப் படித்தார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அம்மாவுக்குத் தோன்றியது. கத்தியை வாங்கிக்கொண்டே, "ஒருத்தியும் முடிக்கல பாத்தியா?" என்றார்.

கதையின் முடிவு இதுதான். அந்தப் பெண் போவது தன் அப்பாவைப் பார்க்க. குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிப்போனவர், இப்போது கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் கண் தெரியாமல் கிடக்கிறார். வீட்டில் அவர் பெயரை எடுக்கக்கூடாது. அதனால்தான் பொய் சொல்லிவிட்டுப் போய்ச் சோறு ஊட்டுகிறாள். அம்மா நெத்திலிக் கையோடு கண்ணைத் துடைத்து, அது வேறு எரிந்து, ரொம்ப அழுதார். இரண்டு நாள் கழித்து அந்த எட்டுப் பக்கத்தையும் மறுபடி படிக்கச் சொன்னார். அதனால் புத்தகம் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் கிள்ளானிலிருந்து செய்தி வந்தது. ஜாதகம் சேரவில்லையாம். ஜாதகம் பார்த்த பிறகுதானே பெண்ணே பார்க்க வந்தார்கள்! ஏழாம் நம்பர் அண்ணி குழாயடியில் எங்கள் அம்மாவைப் பார்த்ததும் பாதி வாளியோடு திரும்பிப் போனார். வேலியோரம் வழக்கமாக வரும் குழம்புக் கிண்ணமும் நின்றது. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் நல்லதுதானே சொன்னேன்? என்மேல எதுக்குக் கோவம்?"

அப்போதுதான் நான் மனத்தில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அம்மா, நர்ஸக்காவோட அப்பா செத்துட்டாருதானே? மாலை போட்டுப் படம் மாட்டியிருக்காங்க. அப்புறம் எப்படி அவங்க அப்பாவப் பாக்கப் போவாங்க?"

"யாருடி அப்படிச் சொன்னது?"

"நீங்கதான். அந்தம்மா காட்டினப்போ ஆமான்னு சொன்னீங்களே. இந்தப் பொண்ணு நர்ஸக்காதான்னு."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தை விரிக்கச் சொன்னார்.

"என்ன எழுதியிருக்கு? படி."

"நீங்கதான் படிச்சீங்களேம்மா."

"படிடி."

படித்தேன். மூன்று கையெழுத்தையும் படித்தேன். 'ஆள் இருக்கு' என்ற இடத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மத்தியானங்கள், சாத்திய கதவு, 'மறுபடி படி' எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்தில் ஆறு பிள்ளைகளுக்கு மூத்தவராகப் பிறந்து, தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர், பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதே இல்லை. நம்பர் மட்டும் தெரியும். ஏழு என்று கண்டதும், பெண் வீட்டு விலாசத்தைக் குறித்துக்கொண்டு வந்து சரிபார்க்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அப்பாவுக்கு இது தெரியுமா என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அப்பா தினமும் காலையில் பேப்பரை வாய்விட்டுத்தான் படிப்பார். கண் மட்டும் ஓடினால் தனக்கு மண்டையில் ஏறாது என்பார். வேலைக்கு நேரமானாலும் இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் சட்டை போடுவார். அடுப்படியில் அம்மா சத்தமில்லாமல் தோசை சுடுவார். நான் அதை அப்பாவின் கிறுக்கு என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனார். அண்ணி வெளியே போயிருந்தார். நர்ஸக்கா யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா நின்றபடியே சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாமத்தான் ஆமான்னுட்டேன். உன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்."

நர்ஸக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு. போன வருஷம் இந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ ரெண்டு பாட்டில் மருந்து குடுத்தேன். மேல எழுதி ஒட்டியிருந்தேன். நீங்க ஒண்ணுல சிவப்பு நூல் கட்டி வெச்சிருந்தீங்க. அன்னைக்கே தெரியும்."

"அப்ப நான் ஆமான்னு சொன்னேன்னு உங்காதுக்கு வந்தப்பவே..."

"எப்படி நடந்திருக்கும்னு புரிஞ்சுபோச்சு."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அந்தப் பொம்பளைக்கு எழுத்தே தெரியாதுன்னு. தப்பிச்சிருப்பியே?"

"நான் தப்பிச்சிருப்பேன். நீங்க?" என்றார் நர்ஸக்கா. பிறகு கொஞ்சம் கோபமாகவே சொன்னார். "சனிக்கிழமை நான் எங்க போறேன்னு இந்த லைன்ல ஒருத்தர் என்கிட்ட வந்து கேட்டிருக்கீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கூடப் படிச்ச பொண்ணு கிள்ளான்ல பிரசவ ஆஸ்பத்திரி வெச்சிருக்கா. அவளுக்கு ஆள் பத்தல, ஒத்தாசைக்குப் போறேன். கேரியர்ல என் சோறுதான் இருக்கு. இதுக்குப் போய்ப் புத்தகத்துல தேடுறாங்க."

அம்மா அழுதுவிட்டார். நர்ஸக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாத்தியாரை அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பள்ளி ரப்பரை எடுத்துத் தந்து, புத்தகத்தில் இருக்கும் பென்சில் அத்தனையையும் அழிக்கச் சொன்னார். முதல் பக்கத்திலிருந்து அழித்தேன். பாயெல்லாம் ரப்பர் தூள். ஊதா நிறத்தில் எழுதியது மட்டும் போகவில்லை, எச்சில் தொட்டால் நன்றாகப் படிந்துவிடும் பென்சில் அது. தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கெடக்கட்டும், வா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவின் ரயில்வே பாஸில் கிள்ளானுக்குப் போனோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தார். ஸ்டேஷனிலிருந்து விசாரித்துக்கொண்டே நடந்து அந்த வீட்டைப் பிடித்தோம். மாப்பிள்ளையின் அக்கா இருந்தார். கூடவே அவர் மாமியாரும், பூக்கட்டிக்கொண்டு இரண்டு பெண்களும். தனியாகப் பேசலாமா என்று அம்மா கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அன்னைக்கு நீங்க காட்டினத நான் படிக்கல. எனக்குப் படிக்கத் தெரியாது."

பூக்கட்டிய பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள்.

"அவ்வளவு நேரம் கையில வெச்சுப் படிச்சீங்களே?" என்றார் அந்தம்மா.

"பாத்தேன். படிக்கல. ஏழுன்னு நம்பர் தெரிஞ்சுது. வீட்டு நம்பரக் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. கிள்ளான்ல பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒத்தாசையா வருது, நீங்களே போய்ப் பாக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டு அம்மா தொடர்ந்தார். "அந்தக் கதையில வர்ற பொண்ணும் தப்பானவ இல்ல. நீங்க கடைசி அத்தியாயத்தப் படிச்சீங்களா?"

அந்தம்மா புத்தகத்தையே படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். மூன்றாம் நம்பர் வீட்டு உறவுக்காரி சொன்னதை வைத்துத்தான் வந்திருக்கிறார். அம்மா அங்கேயே உட்கார்ந்து கதையைச் சொன்னார். கண் தெரியாத அப்பா, கேரியர், ஊட்டிவிடும் சோறு எல்லாம் ஒரு வரி விடாமல் சொன்னார். நான் இரண்டு முறை படித்துக் காட்டியது அப்படியே அவர் வாயில் வந்தது. அந்த மாமியார் மூக்கைச் சிந்தினார்.

கதை முடிந்ததும் அந்தம்மா எழுந்து போய்க் கோப்பி கொண்டுவந்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

"முந்தாநாள் வேற எடத்துல பூ வெச்சுட்டோம்க்கா. இப்ப எப்படி மாத்துறது? நீங்க ஒரு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

அம்மா கோப்பியை முழுக்கக் குடித்தார். நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். திரும்பும் ரயிலில் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார், நான் தூங்கிவிட்டேன்.

பிற்பாடு நர்ஸக்காவுக்குத் தைப்பிங் பக்கம் நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. அது வர மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் குழாயடியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். பிள்ளை நான் பக்கத்தில் நிற்கிறேனே என்றுதானே அந்தம்மா அன்றைக்கு வாய்விட்டுக் கேட்கவில்லை?

பூக்கட்டிய பெண்களுக்கு வாய் இல்லையா என்ன. பள்ளி திறப்பதற்குள் செய்தி லைனுக்கு வந்துவிட்டது. ஆறாம் நம்பருக்கு எழுத்தே தெரியாதாம், இத்தனை வருஷமாகப் புத்தகம் வாங்கி வாங்கி வைத்து நடித்திருக்கிறாளாம். முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. அம்மா வாளியோடு போனால் பேச்சு நின்றுவிடும். அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடித்துவிட்டு வந்துவிடுவார். மந்திரிகளைப் பற்றியெல்லாம் பேசுவதை விட்டுவிட்டார்.

பொங்கல் முடிந்து இன்னொரு புத்தகம் சுற்றுக்கு வந்தது. அதுவும் நம் ஊர்தான், ஜப்பான்காரன் சயாம் ரயில் போட்ட காலத்தில் தப்பி வந்த ஒருவர் தன் கதையை எழுதியிருந்தார். எப்போது எங்கள் வீட்டுக்கு வரும் என்று நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம், குழாயடியில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, ஐந்தாம் நம்பர் அத்தை அந்தப் புத்தகத்தோடு வெளியே வந்தார். எங்கள் வாசலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். அத்தை எங்களைத் தாண்டிப் போனார். ஏழாம் நம்பர் படியில் நின்ற நர்ஸக்காவிடம் புத்தகத்தைக் கொடுத்தார்.

அம்மா மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தார்.

நர்ஸக்கா புத்தகத்தைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். படியிறங்கி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, இது உங்க முறை."

"அவங்களுக்குத்தான்..." என்று ஐந்தாம் நம்பர் அத்தை இழுத்தார்.

"இந்த லைன்ல புத்தகத்தக் கடைசி வரைக்கும் முடிச்ச வீடு இது ஒண்ணுதான் அத்தை" என்றார் நர்ஸக்கா, குழாயடி முழுக்கக் கேட்கும்படி.

அம்மா எழுந்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு நிமிஷம் அட்டையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி, நர்ஸக்காவுக்கு மட்டுமில்லாமல் அத்தனை பேருக்குமாகச் சொன்னார்.

"எம்மவ படிப்பா, நான் கேப்பேன். ரெண்டு நாள் பத்தாது, நாலு நாள் ஆகும். நீ காத்திருக்கணும்."

"காத்திருக்கேன்க்கா" என்றார் நர்ஸக்கா.